உயிரணுவின் கணக்கில் ஓர் உவமை



உவமையைப் பற்றி இலக்கிய அரங்குகளில் பேசப்படாத செய்தி குறைவு. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் கூட்டங்களிலும் அது பலமுறை பேசுபொருளாகியிருக்கும். கவிதைக்கு வெளியே, ஓர் எண்ணைப் பல்லாண்டுகள் பிழையாக நிலைநிறுத்திய உவமை ஒன்றும், அப்பிழையைத் திருத்த வழிதிறந்த உவமை ஒன்றும் உண்டு. அவ்விரண்டும் பிறந்த இடம் உயிர்வேதியியல்.

உண்ட சோறு செரித்துக் குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையாகிக் குருதியின் வழியே உயிரணுக்களைச் சேர்கிறது. அங்கே உயிர்வளியின் துணையோடு அது படிப்படியாகச் சிதைந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. அப்போது வெளிப்படும் ஆற்றலின் ஒரு பகுதியை உயிரணு ஏடிபி என்னும் மூலக்கூறாக்கி வைத்துக்கொள்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூற்றுக்கு எத்தனை ஏடிபி? 38 என்பது மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் உயிரியல் பயின்ற தலைமுறைகள் மனப்பாடமாகச் சொன்ன விடை. சில நூல்கள் 36 என்றன. இன்றைய உயிர்வேதியியல் நூல்களோ 30 அல்லது 32 என்கின்றன. அன்று 38 என்று எழுதி மதிப்பெண் பெற்றவர், இன்று பேரப்பிள்ளையின் புத்தகத்தில் 32 என்று கண்டால் அச்சுப்பிழை என்றே எண்ணுவார். இடைப்பட்ட காலத்தில் உயிரணு சிறிதும் மாறிவிடவில்லை. அதனைக் கணக்கிட்டவர் மனத்திலிருந்த படிமமே மாறியது.

முதற்கண் வரவைப் பார்த்தல் வேண்டும். நெல்லை மணிமணியாக எண்ணாது மரக்காலால் அளப்பது போல, வேதியியலாரும் மூலக்கூறுகளை ஒரு குறித்த பெருந்தொகையாகத் திரட்டியே அளப்பர். அவர்தம் மரக்காலுக்கு மோல் என்று பெயர். ஒரு மோல் குளுக்கோஸின் எடை 180 கிராம். அதனை முற்றும் சிதைத்தால் பயன்பாட்டுக்குக் கிட்டக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 686 கிலோகலோரி. அடுப்பில் இட்டு எரித்தாலும் உயிரணுவில் இட்டுச் சிதைத்தாலும் தொடக்கப் பொருளும் முடிவுப் பொருளும் ஒன்றேயாதலால் இத்தொகையில் வேறுபாடு இல்லை.

இவ்வொப்புமையை முதன்முதல் அளந்து காட்டியோர் பிரெஞ்சு அறிஞர்களான லவாசியேயும் லாப்லாசும் ஆவர். 1782-83ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் அவர்கள் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகியது என்றும், அது எவ்வளவு கரியமில வாயுவை வெளியிட்டது என்றும் அளந்தனர். அதே அளவு கரியமில வாயு தரும்படி கரித்துண்டை எரித்தபோது உருகிய பனிக்கட்டியோடு ஒப்பிட்டனர். இரண்டும் நெருங்கி வந்தன. உயிர்ப்பு என்பது மெல்ல எரியும் தீ என்னும் உவமை இவ்வாறு அளவையின் பிடியில் பிறந்தது. பசியை வயிற்றுத்தீ என்று வழங்கிய மொழிக்கு இவ்வுவமை புதிதன்று. எனினும் தராசும் பனிக்கட்டியும் கொண்டு அதனை மெய்ப்பித்தது புதிது.

ஆயினும் தீயுவமம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. தீ தன் ஆற்றல் முழுவதையும் வெப்பமாகக் கொட்டிவிடும். வெப்பத்தைக் கொண்டு வேலை வாங்க வேண்டுமெனில் சூடான இடம் ஒன்றும் குளிர்ந்த இடம் ஒன்றும் வேண்டும். நீராவி எந்திரம் அவ்வேற்றத்தாழ்வால் ஓடுவது. உயிரணுவினுள்ளோ எங்கும் ஏறத்தாழ ஒரே சூடு. அங்கே வெப்பமாகிவிட்ட ஆற்றல் உடலைக் கதகதப்பாக வைக்கும். தசையைச் சுருக்காது, நரம்பை இயக்காது, புரதத்தைக் கட்டாது. உயிரணுவின் திறனை மோட்டார் வண்டியின் திறனோடு ஒப்பிட்டு உயிரணுவுக்கு வெற்றிமாலை சூட்டும் வழக்கம் பாடநூல்களில் உண்டு. இரண்டும் ஒரே வகையான எந்திரங்கள் அல்லவாதலால் அவ்வொப்பீடு அத்துணைப் பொருத்தமுடையது அன்று.

வெப்பமாகும் முன்னரே ஆற்றலைப் பற்றிக்கொள்ளும் பொருள்தான் ஏடிபி. முழுப்பெயர் அடினோசின் டிரைபாஸ்பேட். மூன்று பாஸ்பேட்டுகளை வால்போல் உடைய மூலக்கூறு. 1929ஆம் ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமன் இதனைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனியே இதனைக் கண்டறிந்தனர். சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அறுவை மருத்துவ வகுப்புக்குக் கதராடை உடுத்தி வந்தமையால் பேராசிரியர் ஒருவரின் மனக்கசப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக எல்.எம்.எஸ். சான்றே பெற்றவர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிலகாலம் கற்பித்து, பின்னர்ப் பாஸ்டன் நகரம் சேர்ந்தார்.

இக்கணக்கில் சுப்பாராவுக்கு உரிய இடம் ஏடிபியைக் கண்டமையோடு முடிவதன்று. 1925இல் அவரும் ஃபிஸ்க்கும் வகுத்தளித்த முறையொன்று, குருதியிலோ தசைச்சாற்றிலோ எவ்வளவு பாஸ்பேட் உள்ளது என்பதை நீலநிறத்தின் அடர்த்தியைக் கொண்டு காட்டவல்லது. பாஸ்பேட் மாலிப்டேட்டோடு கூடிப் பின்னர் நீலமாகும். நீலம் ஆழ்ந்தால் பாஸ்பேட் மிகுதி, வெளிறினால் குறைவு. ஏடிபி உருவாகுந்தோறும் கரைசலில் தனித்திருக்கும் பாஸ்பேட் ஒன்று குறையுமாதலால், எத்தனை ஏடிபி பிறந்தன என்பதை நீலம் வெளிறுவதைக் கொண்டு எண்ணலாம். உலகின் ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் பல்லாண்டுகள் பாஸ்பேட் எண்ணப்பட்டது இந்நீலத்தின் வழியேயாம்.

1941இல் ஃபிரிட்ஸ் லிப்மன் ஏடிபியின் பாஸ்பேட் பிணைப்பை ஒரு நெளிகோட்டால் எழுதிக்காட்டி, அதனை ஆற்றல் செறிந்த பிணைப்பு என்றார். அந்நெளிகோடு வேதியியல் வரைந்த சிறந்த படிமங்களுள் ஒன்று. சுருட்டி வைத்த வில்லைப்போல் தோன்றுவது. தோற்றம் மட்டுமே அது. எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் செலவாகுமேயன்றி, உடைப்பதால் ஆற்றல் வாராது. ஏடிபி நீரோடு வினைபுரிந்து புதுப்பிணைப்புகள் அமையும்போது, கூட்டிக்கழித்து எஞ்சுவதே பயன்படும் ஆற்றல். ஒரு மோலுக்கு அது 7.3 கிலோகலோரி எனச் சோதனைச்சாலை நிலையில் மதிப்பிடப்பட்டது. பின்வந்த நூலாசிரியர்கள் ஏடிபியை உயிரணுவின் நாணயம் என்றனர். தசையும் நரம்பும் சிறுநீரகமும் ஒரே பொருளைத் தந்து தத்தம் வேலையை முடித்துக்கொள்வதால் அவ்வுவமை பொருத்தமே. மனித உடல் ஒருநாளில் உண்டாக்கிச் செலவிடும் ஏடிபியின் எடை, அவ்வுடலின் எடையையே நெருங்கும் என்பர். ஆனால் எந்நேரத்திலும் கையிருப்பு சில பத்துக் கிராம்களுக்கு மேல் பெரிதும் போகாது. சேமிக்கும் செல்வமாக அன்றி, ஓயாது கைமாறும் சில்லறையாக அது உலவுகிறது.

தொல்காப்பியர் உவமத்துக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு வகைத் தோற்றங்களைக் கூறினார். நாணய உவமை பயனுவமம். ஏடிபி தரும் பயன் நாணயம் தரும் பயனை ஒத்தது, அவ்வளவே. அதற்குமேல் அதனை நீட்டியபோது இடர் தோன்றிற்று.

38 என்னும் எண் பிறந்த வகையைச் சுருங்கச் சொல்லலாம். குளுக்கோஸ் முதலில் உயிரணுவின் நீர்மப்பகுதியில் இரண்டாகப் பிளவுறும். அதன் வழி நேராகக் கிட்டும் நிகர வரவு 2 ஏடிபி. உயிர்வளி வாய்க்காத உயிரணுவுக்கு இவ்விரண்டே முழு ஊதியம். 686இல் ஏறத்தாழ 15 கிலோகலோரி, அதாவது நூற்றுக்கு இரண்டு. மனிதக் குருதியின் சிவப்பணுக்கள் இவ்வூதியத்தில்தான் வாழ்கின்றன. உயிர்வளியைப் பயன்படுத்தும் உறுப்பான இழைமணி அவற்றினுள் இல்லை. உடல் முழுமைக்கும் உயிர்வளியைச் சுமந்துசென்று வழங்கும் அவை, தமக்கென அதில் சிறிதும் எடுத்துக்கொள்வதில்லை. சுமந்துவரும் உணவைத் தின்று தீர்க்காத சுமையாளைப் படைக்க முற்படும் கவிஞர், கற்பனையை நாட வேண்டியதில்லை.

ஏனை உயிரணுக்களில் பிளவுற்ற பகுதிகள் இழைமணியுட் புகும். 1937இல் ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டுரைத்த சுழற்சியில் அவை முற்றுஞ் சிதையும். அங்கு நேராகக் கிட்டுவன மேலும் 2. பெருஞ்செல்வம் வேறிடத்தில் உள்ளது. சிதைவின்போது கழன்ற எலக்ட்ரான்களைச் சுமந்துசெல்லும் மூலக்கூறுகள் இருவகை: என்.ஏ.டி.எச். பத்து, எஃப்.ஏ.டி.எச். இரண்டு. இவை தம் சுமையை இழைமணியின் உட்சவ்வில் அமைந்த புரதத்தொடரிடம் இறக்கும். எலக்ட்ரான்கள் அத்தொடரில் படிப்படியாக இறங்கி ஈற்றில் உயிர்வளியைச் சேர்ந்து நீராகும். இவ்விறக்கத்தில் ஏடிபி பிறக்கிறது. என்.ஏ.டி.எச். ஒன்றுக்கு 3, எஃப்.ஏ.டி.எச். ஒன்றுக்கு 2 எனக் கொண்டால் 30, 4. நேர்வரவு 4ஐயும் கூட்டினால் 38. முதற்பிளவில் கிட்டிய சுமையை இழைமணிக்குள் கடத்தும் வழி சில திசுக்களில் செலவுமிக்கதாகையால் 36.

3 எப்படி வந்தது? 1943இல் செவெரோ ஓச்சோவா உள்ளிட்டோர் செலவான உயிர்வளியையும் மறைந்த பாஸ்பேட்டையும் ஒருங்கே அளந்து அவ்விகிதத்தை நாடினர். அளவைகள் பெரும்பாலும் மூன்றுக்குக் குறைந்தே வந்தன. உயிரணுவை அரைத்து எடுத்த சாற்றில் பிறந்த ஏடிபியின் ஒருபகுதி வேறு நொதிகளால் சிதைந்திருக்கும் என்பது அறிந்ததே. ஆகவே குறைவைச் சிந்திய நெல்லாகக் கொண்டு, எண்ணை அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தினர். அன்றைய அறிவில் அது குற்றமன்று. மூலக்கூறுகள் தம்முள் முழு எண்ணாகவே வினைபுரியும் என்பது வேதியியலின் அடிப்படை. எலக்ட்ரான் இறங்கும் ஒவ்வொரு படியிலும் ஆற்றல் செறிந்த இடைப்பொருள் ஒன்று தோன்றி, அது தன் கையிலிருந்ததை ஏடிபியின் கையில் கொடுக்கும் என்பதே அன்றைய கொள்கை. 1953இல் இ. சி. ஸ்லேட்டர் அதனைத் தெளிவாக வகுத்துரைத்தார். இதனைக் கைம்மாற்றுப் படிமம் எனலாம். கைமாறும் பொருள் நாணயமாயின் அரை நாணயம் கைமாறாது. எனவே இரண்டரை என்று காட்டிய கருவியே பிழைத்தது என்றாயிற்று.

அவ்விடைப்பொருளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் தேடினர். கிடைத்துவிட்டது என்ற அறிவிப்புகளும் அவ்வப்போது எழுந்து அடங்கின. கிடைக்கவே இல்லை.

1961இல் எடின்பரோவிலிருந்து பீட்டர் மிட்செல் என்னும் ஆங்கிலேயர் ஒரு சிறு கட்டுரையில் தேடலையே நிறுத்தச் சொன்னார். இடைப்பொருள் என ஒன்றில்லை. எலக்ட்ரான்கள் இறங்கும்போது அவ்வாற்றலால் புரோட்டான்கள் உட்சவ்வின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்கு ஏற்றப்படுகின்றன. ஏற்றப்பட்டவை மீண்டும் உள்ளே பாயத் துடிக்கின்றன. அப்பாய்ச்சல் குறித்த ஒரு நொதியின் வழியே நிகழும்போது ஏடிபி உருவாகிறது என்பது அவர் துணிபு. ஏரிகண்ட நாட்டவர்க்கு இதை விளக்க நெடும்பொழுது வேண்டாம். இறைத்து ஏற்றிய நீர் கரைக்குப் பின்னே நிற்கிறது. மதகின் வழியே இறங்கும்போது வேலை செய்கிறது. கரைதான் சவ்வு. கரையில் உடைப்பிருந்தால் நீரேற்றியும் பயனில்லை. சவ்வு சிதைந்த சாற்றில் ஏடிபி ஏன் பிறப்பதில்லை என்ற நெடுநாள் புதிருக்கும் இதுவே விடையாயிற்று. இஃது வினையுவமம். நீர் என்ன செய்கிறதோ அதனைப் புரோட்டானும் செய்கிறது.

இவ்வேரி மிகச்சிறிது, ஆயினும் அதன் அழுத்தம் வியப்புக்குரியது. சவ்வின் இருபுறத்துக்குமிடையே மின்னழுத்த வேறுபாடு ஏறத்தாழ 0.15 வோல்ட். சவ்வின் தடிப்போ ஒரு மில்லிமீட்டரின் இரண்டு லட்சத்தில் ஒருபங்கு. அதே விகிதத்தை ஒரு மீட்டர் தொலைவுக்கு விரித்தால் மூன்று கோடி வோல்ட். இழைமணி உள்ள ஒவ்வோர் உயிரணுவிலும் இத்தகைய கரைகள் மடிப்பு மடிப்பாக அடுக்கப்பட்டுள்ளன.

மிட்செலை அக்காலத்துப் பெரும்புலமையோர் பலர் ஏற்கவில்லை. வயிற்றுப்புண்ணால் நலிந்து அவர் பல்கலைக்கழகப் பணியை விட்டு, கார்ன்வால் பகுதியில் பாட்மின் ஊரையடுத்துச் சிதிலமாய்க் கிடந்த கிளின் மாளிகையைச் செப்பனிட்டு, ஜெனிஃபர் மாயில் என்னும் அறிவியலாளருடன் அங்கேயே சிற்றாய்வகம் ஒன்றை அமைத்தார். தம் கொள்கையின் விரிவை 1966இலும் 1968இலும் தாமே அச்சிட்டு அனுப்பினார். சாம்பல்நிற அட்டையிட்ட அந்நூல்களே பின்னர்த் துறையில் புகழ்பெற்றன. சொந்தச் செலவில் நூல் அச்சிட்டுத் தாமே அஞ்சலில் சேர்க்கும் வழக்கம் கவிஞர்க்கே உரியதென்று எண்ண வேண்டா.

1966இல் ஜாகென்டார்ஃபும் உரிபேயும் ஒரு சோதனை செய்தனர். பசலைக்கீரையின் பசுங்கணிகத் தட்டுகளை இருட்டில் முதலில் புளிப்பான கரைசலில் ஊறவைத்து, பின் சட்டெனக் காரத்தன்மையுள்ள கரைசலுக்கு மாற்றினர். ஒளியில்லை, எலக்ட்ரான் இறக்கமும் இல்லை. சவ்வின் உட்புறம் புரோட்டான் மிகுதி, வெளிப்புறம் குறைவு என்ற ஏற்றத்தாழ்வு மட்டுமே இருந்தது. ஏடிபி பிறந்தது. 1974இல் ராக்கரும் ஸ்டோக்கனியசும் சோயா மொச்சையின் கொழுப்பால் சிறு குமிழிகள் செய்து, உப்பளத்து நுண்ணுயிரியின் ஊதாநிறப் புரதத்தையும் மாட்டிதயத்து இழைமணியின் ஏடிபி நொதியையும் அவற்றில் பதித்தனர். ஒளிபட்டதும் ஊதாப்புரதம் புரோட்டானை ஏற்றியது. மாட்டு நொதி ஏடிபி செய்தது. ஒன்றையொன்று கண்டறியாத இரு புரதங்களிடையே கைமாற்றத்தக்க இடைப்பொருள் ஏதும் இருக்க வழியில்லை. 1978இல் மிட்செலுக்கு வேதியியல் நோபல் பரிசு தனித்து வழங்கப்பட்டது.

படிமம் மாறியவுடன் எண்ணும் மாறியிருக்க வேண்டுமே என்று அவையோர் எண்ணலாம். மாறவில்லை. ஏரியில் சேர்ந்த நீரை எந்த அளவிலும் திறந்துவிடலாம். நாழி எத்தனை என்பது முழு எண்ணாக வேண்டுவதில்லை. ஆயினும் மிட்செலே, என்.ஏ.டி.எச். ஒன்றுக்கு ஏறுவது 6 புரோட்டான், ஏடிபி ஒன்றுக்கு இறங்குவது 2 என்று கொண்டு, பழைய 3ஐயே காத்துநின்றார். எலக்ட்ரான் தொடரின் இறுதிப்புரதம் புரோட்டானை ஏற்றுவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஏற்றுகிறது என்று 1977இல் பின்லாந்தின் மார்ட்டன் விக்ஸ்ட்ராம் காட்டியபோது மறுத்தார். 1980களின் நடுவில்தான் இணங்கினார். எண்ணை விடுவிக்கும் உவமையைத் தந்தவரே அதனைப் பழைய கட்டில் வைத்திருந்தது இவ்வரலாற்றில் மிகவும் சுவையான பகுதி. கவிஞரினும் அவர் கையாண்ட உவமை சிலபோது கூடுதலாக அறிந்திருக்கிறது.

பிற்கால அளவைகள் என்.ஏ.டி.எச். ஒன்றுக்கு 10 புரோட்டானும் எஃப்.ஏ.டி.எச். ஒன்றுக்கு 6 புரோட்டானும் ஏறுகின்றன என்றன. ஏடிபி ஒன்றைச் செய்ய 3 இறங்குகின்றன. செய்த ஏடிபியை இழைமணிக்கு வெளியே அனுப்பி மூலப்பொருளை உள்ளே கொணரச் சுங்கம்போல் இன்னும் 1. ஆக 4. பத்தை நான்கால் வகுத்தால் 2.5; ஆறை வகுத்தால் 1.5. 1991இல் பீட்டர் ஹிங்கிளும் உடனாய்ந்தோரும் நேர்ச்சோதனையில் கண்டதும் இவ்வெண்களையே ஒட்டியது. ஒருகாலத்தில் சிந்திய நெல் எனக் கழிக்கப்பட்ட குறைவு, கருவி உரைத்த மெய்யாயிற்று. கணக்கைத் திரும்ப எழுதின் 25, 3, 4, கூட்டுத்தொகை 32. செலவுமிக்க கடத்துவழியில் 30.

மதகின் அமைப்பு பின்னர் வெளிப்பட்டது. அந்நொதி தன் வேலையைச் சுழன்று செய்கிறது என்று பால் பாயர் கருதினார். 1994இல் ஜான் வாக்கரின் குழு அதன் வடிவத்தை வரைந்து காட்டியது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அச்சில் ஒளிரும் இழையொன்றைப் பொருத்தி அது சுழல்வதை உருப்பெருக்கியில் கண்ணாரக் கண்டனர். அவ்வாண்டு பாயரும் வாக்கரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஒரு சுற்றுக்கு ஏடிபி 3. சுற்றை நிறைக்க வேண்டும் புரோட்டான்களோ, சுழலும் வளையத்தில் எத்தனை புரதத்துண்டுகள் உள்ளனவோ அத்தனை. ஈஸ்ட்டில் அவை 10. பசலைக்கீரையின் பசுங்கணிகத்தில் 14. மாட்டிதயத்தில் 8 என 2010இல் வாக்கரின் குழு கண்டது. எட்டை மூன்றால் வகுத்துச் சுங்கத்தைச் சேர்த்தால் 3.67. இவ்வளவையின்படி பாலூட்டிகளுக்குக் குளுக்கோஸ் ஒன்றின் உச்ச வரவு 33ஐச் சற்றே கடக்கிறது. எண் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. பாடநூலார் 30, 32 என்பதில் நிற்கின்றனர்.

இனித் திறன். 38ஐ 7.3ஆல் பெருக்கினால் 277. அது 686இல் நூற்றுக்கு 40. பழைய நூல்களில் கண்ட நூற்றுக்கு 40 இதுவே. 32 எனக் கொண்டால் 234, நூற்றுக்கு 34. இவ்விரண்டிலும் 7.3 என்பது சோதனைச்சாலையின் நிலைத்த மதிப்பு என்பதை மறத்தலாகாது. உயிருள்ள அணுவில் ஏடிபி மிகுந்தும் அதன் சிதைபொருள் குறைந்தும் இருப்பதால் ஒவ்வொரு மோலும் தருவது ஏறத்தாழ 12 கிலோகலோரி. அவ்வாறாயின் 384, நூற்றுக்கு 56. எண்ணிக்கை குறைந்தும் திறன் கூடியதாகத் தோன்றுவது முரணன்று. நாணயத்தின் தொகை குறைந்தது, ஒவ்வொரு நாணயத்தின் மதிப்பு உயர்ந்தது. எஞ்சியது வெப்பம்.

இவ்வெஞ்சியதை வீண் என்று பாடநூல்கள் ஒரு சொல்லில் கழித்துவிடுவதுண்டு. ஏரியுவமம் அதற்கு இடந்தருவதில்லை. எந்தக் கரையிலும் கசிவு உண்டு. எலி ஓய்ந்திருக்கும்போது அதன் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒருபங்கு, மதகின் வழியன்றிச் சவ்வின் வழியே கசியும் புரோட்டான்களுக்கே போகிறது. கசிவு அளவு கடந்தால் என்னாகும் என்பதற்கு மனிதர் கொடுத்த விலை பெரிது. டைநைட்ரோஃபீனால் என்னும் மஞ்சட்பொருள் முதலாம் உலகப்போரின்போது வெடிமருந்துச் சாலைகளில் கையாளப்பட்டது. பிரெஞ்சுத் தொழிலாளர் சிலர் உடல் கொதித்து இறந்தனர். 1933இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் அதே பொருள் உடலெடையைக் குறைப்பதாக அறிவித்தனர். பல்லாயிரவர் வாங்கி உண்டனர். மெலிந்தனர், சிலர்க்குக் கண்ணில் புரை படர்ந்தது, சிலர் காய்ச்சல் தணியாது மாண்டனர். 1938இல் அமெரிக்காவில் அது மருந்தாக விற்கத் தகாததெனத் தடுக்கப்பட்டது. அப்பொருள் செய்வதெல்லாம் புரோட்டானைத் தன்மேல் ஏற்றிச் சவ்வைக் கடத்துவதே. கரை முழுதும் ஓட்டையாகிவிடும். உண்டதெல்லாம் எரியும், உயிர்வளி மிகுதியாய்ச் செலவாகும், ஏடிபி பிறவாது, அனைத்தும் வெப்பமாகும். மெலிவதற்கென்று மறைவில் விற்கப்படும் அப்பொருளால் இக்காலத்தும் இளைஞர் இறப்பதுண்டு.

அதே ஓட்டையை இயற்கை ஓரிடத்தில் தானே அமைத்து, தாழும் இட்டு வைத்துள்ளது. பிறந்த குழந்தையின் தோள்பட்டைகளுக்கிடையிலும் கழுத்தைச் சுற்றியும் பழுப்புநிறக் கொழுப்பு உள்ளது. இழைமணிகள் செறிந்திருப்பதாலும் அவற்றிலுள்ள இரும்பாலும் அந்நிறம். அச்சவ்வில் மதகை விலக்கிப் புரோட்டானை வாளா உள்ளே விடும் புரதம் ஒன்றுண்டு. தெர்மோஜெனின் என்பது அதன் பெயர். குளிர் தாக்கியதும் நரம்பின் ஏவலால் அது திறக்கிறது. கொழுப்பை முதன்மையாகவும் குளுக்கோஸை ஓரளவும் அவ்வணுக்கள் எரிக்கின்றன. வளர்ந்தோர்க்கும் இக்கொழுப்பு சிறிது உண்டென 2009இல் உறுதியாயிற்று. எனினும் அதன் தேவை பச்சிளங்குழந்தைக்கே மிகுதி, குளிரில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் வன்மை அதற்கு இன்னும் முதிராமையால். அங்கே போய்க் குளுக்கோஸ் ஒன்றுக்கு ஏடிபி எத்தனை என்று கேட்டால், 38ஐயும் 32ஐயும் விட்டு நெடுந்தொலைவு இறங்கிய ஒரு சிறு எண்ணே விடையாகும். மார்கழி விடியலில் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் முதுகு சூடாக இருக்கும்.